கொட்டிலில் கிடைத்த லேபல் இல்லாத களைநாசினிப் போத்தலும் எம்.சி.பி.ஏ. அடிப்பதும்: ஆலோசனை தேவை

வயற்காரி (கிளிநொச்சி)

அனைவருக்கும் வணக்கம். இரணைமடுக் குளத்தின் கீழ் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. அப்பா இருந்தவரை விதைப்பு முதல் மருந்து அடிப்பது வரை எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். இந்தக் காலபோகத்திலிருந்து அம்மாவும் நானும்தான் பார்க்கிறோம். விதைத்து மூன்று கிழமை ஆகப்போகிறது. கோரையும் அகன்ற இலைக் களைகளும் நெல்லுக்கு மேலே ஏறத் தொடங்கிவிட்டன. கடையில் எம்.சி.பி.ஏ. என்ற களைநாசினியை அடிக்கச் சொன்னார்கள். கூலிக்கு மருந்து அடிக்கும் தம்பி ஒருவரும் வரச் சம்மதித்திருக்கிறார்.

கொட்டிலைத் துப்புரவாக்கியபோது மேல்தட்டில் ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்று இருந்தது. அதில் அரைவாசிக்கு மேல் நீலப்பச்சை நிறத் திரவம். லேபல் எதுவும் இல்லை. மூடியைச் சற்றுத் தளர்த்தியதுமே வயிற்றைப் புரட்டும் நாற்றம் வந்ததால் இறுக்கி மூடிவிட்டேன். மருந்து அடிக்கும் தம்பியிடம் காட்டியபோது, இது பழைய நல்ல மருந்து, இப்போது கடையில் கிடைக்காது, வரம்புக்கு அடித்தால் இரண்டு நாளில் புல் கருகிவிடும், வீணாக்க வேண்டாம் என்றார். அதைப் பயன்படுத்தலாமா? பயன்படுத்தக் கூடாதென்றால் எங்கே ஊற்றுவது?

எம்.சி.பி.ஏ. கலக்கும்போதும் அடிக்கும்போதும் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதையும் அறிய விரும்புகிறேன். மேற்கு வரம்புக்கு அப்பால் பக்கத்து வீட்டாரின் பப்பாசியும் மிளகாயும் நிற்கின்றன. எங்கள் குடிதண்ணீர்க் கிணறும் வயலோடு ஒட்டியே இருக்கிறது. வீட்டில் அக்காவின் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர் (வவுனியா)

பிள்ளை, அந்தப் போத்தலை யாரும் பயன்படுத்தக் கூடாது. எங்கேயும் ஊற்றவும் கூடாது.

நிறத்தையும் மணத்தையும் மட்டும் வைத்து ஒரு மருந்தை உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் பரகுவாட் என்ற களைநாசினியோடு பொருந்துகின்றன. பரகுவாட்டைக் குடிபானம் என்று தவறாக எண்ணிக் குடித்து இறந்தவர்கள் பல நாடுகளில் இருந்தபடியால், உற்பத்தியாளர்கள் அதற்கு நீலப்பச்சைச் சாயத்தையும் நாற்றத்தையும் வாந்தி வரச் செய்யும் பொருளையும் சேர்த்தே விற்றார்கள். இலங்கையில் அது 2008 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2011 அளவில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. இன்று கடையில் கிடைக்காது என்று அந்தத் தம்பி சொன்னது உண்மைதான், ஆனால் ஏன் கிடைக்காது என்பதை அவர் சொல்லவில்லை. வேறு ஏதாவது மருந்தாகவே இருந்தாலும், பெயர் தெரியாத நஞ்சை அந்த வகையில் ஆகக் கொடியதாக எண்ணிக் கையாள்வதைத் தவிர வேறு வழியில்லை.

கையுறை போட்டுக்கொண்டு, போத்தலைத் திறக்காமல், நிமிர்த்தியபடி ஒரு பழைய வாளிக்குள் வைத்துச் சுற்றிவரக் காய்ந்த மண்ணையோ மரத்தூளையோ நிரப்புங்கள். போத்தல் வெடித்து ஒழுகினாலும் அது உறிஞ்சிக்கொள்ளும். வாளிக்கு மேலே நஞ்சு என்று பெரிதாக எழுதிப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். வேறு போத்தலுக்கு மாற்ற வேண்டாம். பிறகு உங்கள் கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். மாரியில் நிலத்தடி நீர் மேலே நிற்கும் உங்கள் பக்கத்தில் குழி வெட்டிப் புதைப்பது கிணற்றுக்குள் ஊற்றுவதற்குச் சற்றுத்தான் குறைவு. எரிப்பதும் வேண்டாம், அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் நீங்கள்தான்.

இனி எம்.சி.பி.ஏ. மருந்து அடிப்பதில் ஆபத்தான வேளை எது என்று கேட்டால் பெரும்பாலானோர் வயலில் விசிறும் வேளை என்பார்கள். நான் கண்டவரையில் அது கலக்கும் வேளைதான். விசிறியின் தாங்கிக்குள் இருப்பது பல மடங்கு தண்ணீர் சேர்த்த கலவை. போத்தலுக்குள் இருப்பதோ செறிந்த மருந்து. ஆனால் நம்மவர்கள் வயலுக்குள் இறங்கும்போது நீளக்கைச் சேட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, அதற்கு முன்னர் வரம்பில் குந்தியிருந்து வெறுங்கையால் மூடியில் அளந்து ஊற்றி, அதே கையால் வாளியைக் கலக்குவார்கள். போத்தலின் கழுத்துப் புரியில் வழிந்து நிற்கும் ஒரு துளி விரலில் பட்டு, விரல் பீடிக்குப் போய், பீடி உதட்டுக்குப் போகிறது. இறப்பர் அல்லது நைத்திரைல் கையுறை, கண்ணை மறைக்கும் கண்ணாடி, அளவுக் குவளை, நீளமான தடி ஆகிய நான்கும் கலக்கும் இடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் வெறுங்கையை விட மோசம். எம்.சி.பி.ஏ. கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பு வரும் என்பதால் கண்ணாடியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கலப்பது கிணற்றடியில் வேண்டவே வேண்டாம். பரகுவாட்டும் கிளைபோசேற் என்ற களைநாசினியும் களிமண்ணோடு இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை, எம்.சி.பி.ஏ. அப்படியல்ல, தண்ணீரில் எளிதில் கரைந்து தண்ணீரோடு போகும். தண்ணீரை வாளியில் அள்ளிக் கொண்டுபோய் வயலின் மறுகோடியில் கலவுங்கள். நீரிறைக்கும் இயந்திரத்தின் குழாயை மருந்துத் தாங்கிக்குள் அமிழ்த்தி நிரப்பும் பழக்கமும் கூடாது. இயந்திரம் நின்றால் தாங்கியில் உள்ளது கிணற்றுக்கே திரும்பி இழுபடலாம்.

மருந்து தெளிக்கும் விசிறிக்கு வெறும் தண்ணீரை ஊற்றி முதலில் முதுகில் போட்டுப் பாருங்கள். மூடியின் இறப்பர் வளையம் தேய்ந்திருந்தால் நடக்கும் ஒவ்வொரு அடியிலும் சிறிது சிறிதாக முதுகில் ஒழுகும். வியர்வை என்று நினைத்து நாள் முழுவதும் அந்த ஈரத்தோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்சட்டையைச் சப்பாத்துக்கு வெளியே விடச் சொல்லுங்கள், உள்ளே சொருகினால் வழிவதெல்லாம் சப்பாத்துக்குள் நிறையும். முகத்தில் துவாய் கட்டுவது பாதுகாப்பு ஆகாது. நனைந்த துவாய் மருந்தை மூக்கோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும்.

எம்.சி.பி.ஏ. கோரையையும் அகன்ற இலைக் களைகளையும் கொல்லும், புல் வகைகளைக் கொல்லாது. புல் சாகவில்லை என்று அளவைக் கூட்டினால் நெல்தான் பாதிக்கப்படும். மட்டம் வெடிக்கத் (பக்கக் கிளை விடத்) தொடங்கிய பின்பும் குடலைப் பருவத்துக்கு (கதிர் தண்டுக்குள் உருவாகும் பருவத்துக்கு) முன்பும் லேபலில் உள்ள அளவில் மட்டும் அடியுங்கள். வயல் தண்ணீரை முன்னரே வடித்துக் களையின் இலைகளை வெளியே தெரியவிட வேண்டும். அடித்த பின் அந்த வயல் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகக் கூடாது. கீழ்வாய்க்காலில் குளிப்பவர்களும் மாடு சாய்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

முல்லைக் கமக்காரன் (ஒட்டுசுட்டான்)

போதனாசிரியர் ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் இவ்வளவு பயப்பட வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. எங்கள் ஐயா (என் அப்பா) முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே காலமெல்லாம் வெறுங்கையோடும் சாரத்தோடும் மருந்து அடித்தவர், எழுபது கடந்தும் வயலுக்குப் போகிறார். கண்ணாடியும் நீளச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு மத்தியான வெயிலில் ஒரு ஏக்கர் அடித்துப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் விளங்கும். கூலிக்கு வருபவரிடம் இவற்றைச் சொன்னால் அவர் வேறு வயலுக்குப் போய்விடுவார்.

விடுதித் தாதி (மாங்குளம்)

அண்ணா, உங்கள் ஐயா நலமாக இருப்பது மகிழ்ச்சி. நலமாக இருப்பவர்கள் எங்கள் விடுதிக்கு வருவதில்லை என்பதால் நான் மற்றவர்களையே காண்கிறேன். வெயிலைப் பற்றிச் சொன்னது நியாயம். அதனால்தான் காலையில் அடித்து முடிக்கச் சொல்கிறோம். கையுறையும் கண்ணாடியும் கூலிக்காரர் கொண்டுவர வேண்டியவை அல்ல, வயற்காரர் வாங்கிக் கொடுக்க வேண்டியவை. கொடுத்துவிட்டுப் போடச் சொன்னால் பெரும்பாலும் போடுவார்கள்.

தங்கச்சி, விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியதை எழுதுகிறேன். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் இமையை விரித்துக் கழுவ வேண்டும், அதன் பின் வைத்தியசாலைக்குக் கொண்டுவர வேண்டும். உடம்பில் கொட்டினால் உடுப்பைக் கழற்றிவிட்டுச் சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கழுவி விடுபவரும் கையுறை போட்டிருக்க வேண்டும்.

வாய்க்குள் போனால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சவர்க்காரத் தண்ணீர், தேங்காய்ப்பால், சாணித் தண்ணீர் எதையும் பருக்க வேண்டாம். இவற்றைப் பருக்கியதால் நஞ்சு சுவாசப்பைக்குள் போய் நிலைமை மோசமாகி வந்தவர்கள் உண்டு. உடனே 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள், அல்லது கிடைக்கும் வாகனத்தில் புறப்படுங்கள்.

மருந்துப் போத்தலை நன்றாக மூடி, பொலித்தீன் பையில் இட்டுக் கட்டாயம் கொண்டுவர வேண்டும். களைநாசினி என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. புரோபனில் என்ற களைநாசினி உடலுக்குள் போனால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை இழந்து உதடும் நகமும் நீலம் பாயும். அதற்கு மெதிலீன் நீலம் என்ற மருந்து இருக்கிறது. எம்.சி.பி.ஏ.க்கு நேரடி மாற்று மருந்து இல்லை, அறிகுறிகளைக் கவனித்தே வைத்தியம் செய்கிறார்கள். பரகுவாட்டுக்கும் மாற்று மருந்து இல்லை. அதோடு, மூச்சுத் திணறும் நோயாளிக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஒட்சிசன் அந்த நஞ்சின் தாக்கத்தைக் கூட்டிவிடும் என்பதால் வைத்தியர்கள் மிகத் தயங்கியே அதைக் கொடுப்பார்கள். பெயர் தெரியாமல் வரும் நோயாளிக்கு இதில் எந்த வழியை எடுப்பது? பரகுவாட் உட்கொண்டவர் முதல்நாள் நடந்தும் கதைத்தும் இருப்பார், தொண்டைப் புண் மட்டுமே தெரியும். அதைப் பார்த்து வீட்டார் ஆறுதலடைந்துவிடுவார்கள். சிறுநீரகமும் சுவாசப்பையும் பழுதடைவது அதற்கடுத்த நாட்களில்தான் வெளியே தெரியவரும். ஆகவே ஆள் நன்றாக இருக்கிறார் என்று காத்திருக்க வேண்டாம்.

சோடாப் போத்தலில் மருந்தை மாற்றி வைப்பதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது சோடாதான். உங்கள் அப்பாவைக் குறை சொல்லவில்லை, பெரிய கானில் வாங்கி நான்கு பேர் பிரித்துக்கொள்வது நம் ஊர்களில் சாதாரண வழக்கமாகவே இருந்தது.

மிளகாய்த் தோட்டம் (விசுவமடு)

பப்பாசியையும் மிளகாயையும் பற்றி யாரும் எழுதவில்லை. காலபோகத்தில் வீசுவது வாடைக்காற்று, அது வடகிழக்கிலிருந்து வருவது. அப்படியானால் உங்கள் வயலில் அடிக்கும் மருந்தின் தூவல் நேரே மேற்கு வரம்பைத் தாண்டித்தான் போகும். நெல்லைத் தொடாத எம்.சி.பி.ஏ. மிளகாய், தக்காளி, பப்பாசி, அவரை போன்றவற்றை மிகச் சிறிய அளவிலேயே கெடுத்துவிடும். தண்டு முறுகும், இலை கீழ்நோக்கி வளையும், புதிதாக வரும் இலை நூல்போல ஒடுங்கும். இதை இலைச்சுருள் நோய் என்று எண்ணிப் பூச்சிநாசினிக்குக் காசைக் கொட்டுபவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம்.

இலை இலேசாக அசையும் காற்றுள்ள காலை வேளையில், துளி பெரிதாக விழும் களைநாசினி முனையைப் பூட்டி, முனையைத் தாழ்வாகப் பிடித்து அடிக்கச் சொல்லுங்கள். காற்று அறவே இல்லாத மாலை நேரத்தைப் பலர் நல்ல நேரம் என்று நினைக்கிறார்கள். அப்போது நுண்துளிகள் கீழே இறங்காமல் பனிபோல மிதந்து நீண்ட தூரம் போகும். மேற்கு வரம்பை ஒட்டிய சில அடி அகலத்துக்கு மருந்தே வேண்டாம், கையால் பிடுங்குங்கள். அடிக்கப்போகும் நாளைப் பக்கத்து வீட்டாருக்கு முதல்நாளே சொல்லிவிட்டால் பிறகு வரும் சண்டையில் பாதி குறையும்.

களைநாசினி அடித்த விசிறியால் மிளகாய்க்குப் பூச்சிநாசினி அடிக்காதீர்கள். எம்.சி.பி.ஏ. குழாயிலும் இறப்பர் வளையங்களிலும் ஊறி நிற்கும், ஒரு தரம் தண்ணீர் விட்டு அலசினால் போகாது. இயலுமானால் இரண்டு விசிறி வைத்திருப்பதே நல்லது. முனை அடைத்தால் வாயால் ஊதக் கூடாது, பழைய பற்தூரிகையால் தேய்க்கலாம்.

வயற்காரி (கிளிநொச்சி)

எல்லோருக்கும் நன்றி. போத்தலை வாளிக்குள் மண் நிரப்பி வைத்துப் பூட்டிவிட்டோம். திங்கட்கிழமை கமநல சேவை நிலையத்துக்குப் போகிறேன். கையுறையும் கண்ணாடியும் வாங்கியாயிற்று. மருந்து அடிக்கும் தம்பி இன்னொன்று சொல்கிறார்: புல்லும் நிற்பதால் புரோபனிலையும் அடித்து, கூலி மிச்சமாகட்டும் என்று பூச்சி மருந்தையும் அதே தாங்கியில் கலந்துவிடலாமாம். அப்படிச் செய்யலாமா? வெறுமையான போத்தல்களை என்ன செய்வது?

ஓய்வுபெற்ற போதனாசிரியர் (வவுனியா)

பூச்சி மருந்தைக் கலக்கவே வேண்டாம். நெல்லுக்குள் புரோபனிலைச் சிதைத்து நஞ்சு நீக்கும் ஒரு நொதியம் இருக்கிறது. புல்லில் அது போதிய அளவு இல்லாததால்தான் புல் சாகிறது, நெல் தப்புகிறது. காபமேற்று, ஒர்கனோபொசுபேற்று வகைப் பூச்சிநாசினிகள் அந்த நொதியத்தையே தடுத்துவிடுவதால், கலந்து அடித்தால் நெல்லும் புல்லோடு சேர்ந்து கருகும். ஒரே தாங்கியில் கலக்காவிட்டாலும், இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் அடிப்பதும் கூடாது. லேபலில் எத்தனை நாள் இடைவெளி சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். புரோபனில் வாங்குவதற்கு முன்னர், அது உங்கள் மாவட்டத்தில் இப்போது அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் திங்கட்கிழமை கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மருந்துகளின் மீதான தடைகள் அடிக்கடி மாறியிருக்கின்றன. கிளைபோசேற் 2015 இல் தடைசெய்யப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விடப்பட்டு, 2022 இல்தான் தடை நீங்கியது. அந்த இடைக்காலத்தில் கரையோரமாகக் கள்ளமாக வந்த பைகளும் போத்தல்களும் இன்னும் சில வீடுகளில் கிடக்கக் கூடும். பீடைகொல்லிப் பதிவாளரின் பதிவிலக்கமும் தமிழில் அறிவுறுத்தலும் இல்லாத எதையும் வாங்க வேண்டாம்.

வெறும் போத்தலுக்கு வருவோம். மருந்து துளித்துளியாக விழும் வரை தாங்கிக்குள் கவிழ்த்துப் பிடியுங்கள். பிறகு காற்பங்கு தண்ணீர் விட்டு மூடிக் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் தாங்கிக்குள்ளேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று தரம். இதைக் கலக்கும்போதே செய்ய வேண்டும், அடித்து முடிந்த பின் கழுவினால் அந்தத் தண்ணீரை ஊற்ற இடம் தேடித் திரிவீர்கள். கழுவிய போத்தலின் அடியில் ஆணியால் துளை போட்டுவிடுங்கள், மண்ணெண்ணெய்க்கோ தேங்காய் எண்ணெய்க்கோ யாரும் எடுக்க மாட்டார்கள். துளையிட்டவற்றை ஒரு சாக்கில் சேர்த்துப் பூட்டி வைத்து, அவற்றை எங்கே ஒப்படைப்பது என்பதையும் நிலையத்தில் கேளுங்கள். அடித்தவரின் உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்து ஊறப்போடாமல் தனியாகத் தோய்க்க வேண்டும். தோய்ப்பவர் அம்மாவாக இருந்தால் அவருக்கும் ஒரு சோடி கையுறை வாங்குங்கள்.