தொட்டிக்குள்ளேயே செத்த மருந்து

வள்ளியூர்ப் பக்கத்தில் எங்களுக்குள்ள செவல்காட்டில், கம்பம் பள்ளத்தாக்கின் சுருளிப்பட்டியில் திராட்சை விவசாயம் செய்யும் என் மைத்துனரிடம் குச்சிகள் வாங்கிவந்து, 20 சென்ட்டில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டேன். இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழையில் இலைகளின் அடியில் வெள்ளையாக அடிச்சாம்பல் நோய் படர்ந்தது. கேப்டான் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை வாங்கிக் காலையிலேயே போர்த் தண்ணீரில் கரைத்து வைத்தேன். விசைத்தெளிப்பான் பழுதானதால் சாயங்காலம்தான் அடிக்க முடிந்தது. நோய் அடங்கவில்லை. கலப்பட மருந்தைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

மைத்துனர் வந்தவர் பந்தலைப் பார்க்கவில்லை. எங்கள் வெந்நீர்ப் பானையின் அடியில் படிந்திருந்த வெள்ளை உப்பை நகத்தால் சுரண்டி, "அத்தான், மருந்து மேல குத்தமில்ல, தண்ணிதான்" என்றார். சோதனைத்தாளில் நனைத்துப் பார்த்தபோது அமில–கார அளவு (pH) 8-ஐத் தாண்டிக் காரத்தன்மையோடு இருந்தது. புளிப்பேறிய தண்ணீரில், அதாவது 5 என்ற அளவில், கேப்டான் பாதியாகச் சிதைய ஒரு நாளுக்கு மேல் ஆகும். 8-க்கு மேல் போனால் அதற்குச் சில நிமிடங்களே போதும். காலையில் நான் கரைத்தது சாயங்காலம் வெறும் தண்ணீராகத்தான் இருந்திருக்கும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையோடு கேப்டானைக் கலக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இப்படியே எல்லா மருந்தும் தானாக அழிந்துவிடும் என்று அப்போது நிம்மதியடைந்தது என் அடுத்த தவறு. மேங்கோசெப் என்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லி ஈரத்தில் ஓரிரு நாளில் சிதைந்தாலும், அதிலிருந்து பிறக்கும் எத்திலீன் தயோயூரியா தண்ணீரில் எளிதில் கரைந்து மண்ணுக்குள் இறங்கக்கூடியது. தாய்ப்பொருளைவிட அதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். மேங்கோசெப்புடன் சேர்த்து விற்கப்படும் மெட்டலாக்சில் என்ற பூஞ்சைக்கொல்லியை மண்ணின் நுண்ணுயிர்கள் வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் தின்று தீர்க்கின்றன. இலைதழை மக்கிய சத்து குறைந்த எங்கள் செவலில் அதற்குள் ஒரு நல்ல மழை பெய்தால் அது கீழே இறங்கிவிடும். மயில்துத்தமோ சிதைவதே இல்லை. அதிலுள்ள செம்பு ஒரு தனிமம். அடித்ததில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே தங்கும். சுருளிப்பட்டிப் பந்தலின் கல்தூண்களில் நீலம் ஏறியிருப்பதை அழகு என்று பல முறை ரசித்திருக்கிறேன், அதே நீலம் தூணடி மண்ணிலும் சேர்ந்திருக்கும் என்று எண்ணியதில்லை.

இப்போது தெளிப்பான் தயாரான பிறகே மருந்தைக் கரைக்கிறேன். தொட்டி கழுவிய தண்ணீரைக் கிணற்றடி வாய்க்காலில் விடுவதில்லை; நன்றாக நீர்க்கச் செய்து பந்தலுக்கே திரும்ப அடித்துவிடுகிறேன். எங்கள் வீட்டில் குடிப்பதும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான்.