தடை கூடினால் வெப்பம் கூடுமா, குறையுமா?

வெள்ளவத்தை மாணவி:
பௌதிகவியல் தெரிந்த யாராவது உதவுங்கள். மின்னோட்டத்தின் வர்க்கம் × தடை × நேரம் என்று போட்டால் தடை கூட வெப்பமும் கூடுகிறது. அதையே அழுத்த வித்தியாசத்தின் வர்க்கம் × நேரம் ÷ தடை என்று எழுதினால் குறைகிறது. இரண்டும் ஒரே விதிதானே? அகத்தடை இல்லாத 12 வோல்ற்று பற்றரியோடு 4 ஓம், 6 ஓம் தடையிகளைத் தொடராகவும் பிறகு சமாந்தரமாகவும் இணைத்தால், 5 நிமிடத்தில் எதில் கூடுதல் வெப்பம் என்ற கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தங்கச்சி, சூத்திரத்தை எடுக்க முதல் எது மாறாமல் நிற்கிறது என்று பாருங்கள். தொடரில் இரண்டுக்குள்ளும் ஓடுவது ஒரே மின்னோட்டம், 12 ÷ 10 = 1.2 அம்பியர். 4 ஓமில் 1.44 × 4 × 300 = 1728 யூல், 6 ஓமில் 2592. சமாந்தரத்தில் இரண்டுக்கும் குறுக்கே அதே 12 வோல்ற்று, ஆகவே 4 ஓமில் 144 × 300 ÷ 4 = 10800 யூல், 6 ஓமில் 7200. முரண்பாடு எதுவும் இல்லை. 1841 இல் யூல் என்ற விஞ்ஞானி, நீரில் அமிழ்த்திய கம்பிச்சுருளில் வெப்பநிலை உயர்வை அளந்து சொன்னது மின்னோட்ட வர்க்க வடிவத்தைத்தான். மற்றது அதில் ஓமின் விதியை (அழுத்த வித்தியாசம் = மின்னோட்டம் × தடை) போட்டால் வருவது.

கொட்டாஞ்சேனை எலக்ரீசியன்:
சேர் சொன்னது வீட்டு வயரிங்குக்கும் அப்படியே பொருந்தும். 2000 வாட்ஸ் கேத்தலின் தடை 26 ஓமுக்குச் சற்று மேலே. பிளக் பின் தளர்ந்து அந்த இடத்தில் அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். சிலர் வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ற்றை வர்க்கித்து அரையால் பிரித்து ஒரு லட்சம் வாட்ஸ் என்பார்கள், அது பிழை, 230 முழுவதும் அங்கே விழவில்லை. ஓட்டத்தைத் தீர்மானிப்பது கேத்தல்தான், சுமார் 8.5 அம்பியர். வர்க்கித்து அரையால் பெருக்கினால் 36 வாட்ஸ், கிட்டத்தட்ட ஒரு சோல்டரிங் அயன் அளவு, அதுவும் பின்னின் நுனியில்! சொக்கெட்டின் ஒரு ஓட்டையைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி ஒருவிதமாக மணக்கிறது என்றால் இதுதான் காரணம், மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு உடனே மாற்றுங்கள்.

வெள்ளவத்தை மாணவி:
சரி, இப்போது பிடிபட்டது. அப்படியென்றால் இரவில் 230 வோல்ற்று 210 ஆக இறங்கினால் கேத்தலுக்கு அழுத்த வடிவம்தானே? 2000 × 210 × 210 ÷ (230 × 230), 1667 உவாற்று வருகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மிகச் சரி. வெளியே போகும் வெப்பத்தை விட்டால், 4 நிமிடத்தில் கொதிக்கிற தண்ணீருக்கு 4 நிமிடம் 48 செக்கன் ஆகும். கேத்தலைச் சூடாக்கும் நிக்குரோம் சுருளின் தடை சூட்டில் அதிகம் மாறாது என்பதால் இப்படிப் போடலாம். குண்டு பல்புக்கு இதே கணக்கைப் போடாதீர்கள், தங்குதன் இழையின் தடை குளிரில் இருப்பதைவிட எரியும்போது பல மடங்கு.