ஒன்றும் செய்யாத வைத்தியத்துக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம். ஈரலில் வரும் தீங்கற்ற கட்டிகள் பற்றிய நோயாளர் துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் அச்சுக்குப் போகிறது. வெட்டி எடுப்பது, கட்டிக்குப் போகும் நாடியை அடைப்பது, நீர்க்கட்டியின் மேற்சுவரைத் திறந்துவிடுவது எல்லாம் எழுதியாயிற்று. சிக்கியது சும்மா விட்டுவைக்கும் வைத்தியத்தில்தான். ஈரலில் அதிகம் காண்பது இரத்தக்குழாய்க் கட்டி. நோவில்லையென்றால் பெரும்பாலும் தொடுவதில்லை. இதற்கு என்ன சொல்? ‘கண்காணிப்பு’ என்று போட்டு அம்மாவுக்கு வாசித்தேன். “ஆர் பிள்ளை கண்காணிக்கிறது?” என்று முகம் மாறிவிட்டா. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு ஞாபகங்கள்.

*

தங்கச்சி, ‘அவதானிப்பு’ இருக்கிறதே. பேப்பரில் நாளாந்தம் வருகிற சொல்.

*

அவதானம் வடசொல் ஐயா. போதாததற்கு, வீதியில் கிடங்கு வெட்டினாலும் ‘அவதானம்’ என்றுதான் பலகை நடுகிறார்கள். முல்லைக்கு உரிப்பொருள் என்ன? இருத்தல். தலைவன் வரும்வரை தலைவி ஆற்றியிருக்கிறாள். ‘ஆற்றியிருத்தல்’ என்போம். ஆறு என்றால் தணி. அதிலிருந்து ஆறுதல். வழியைக் குறிக்கும் ஆறும் இங்கேதான் வந்து சேரும் என்பது என் எண்ணம்.

*

மாஸ்ரர், புண்ணையும் ஆற்றுகிறோம், தேத்தண்ணியையும் ஆற்றுகிறோம். இந்தக் கட்டி ஆறப்போவதில்லை, இருந்தபடி இருக்கும். எல்லாக் கட்டிக்கும் முல்லைத்திணை பொருந்தவும் மாட்டாது. அடினோமா என்ற இன்னொரு தீங்கற்ற கட்டி 5 சென்ரிமீற்றரைத் தாண்டினால் வெடித்து இரத்தம் பெருகலாம், சிலவேளை புற்றாகவும் மாறலாம், வெட்டத்தான் சொல்வார்கள். ஆணுக்கு வந்தால் சிறிதென்றாலும் வெட்டு. பெண்ணுக்குச் சிறிதாக இருந்தால் முதலில் கருத்தடை மாத்திரையை நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்துத் திரும்ப ஸ்கான். ‘பார்த்திருத்தல்’ போதாதா? மானிப்பாயில் தமிழில் வைத்தியம் படிப்பித்த கிறீன் வைத்தியரின் அறுவை நூலுக்கே ‘இரணவைத்தியம்’ என்றுதான் பேர். இரணமும் வடசொல்தான்.

*

அதே கிறீன் உடற்கூற்றுக்கு ‘அங்காதிபாதம்’ என்றார். இன்றைக்கு எவர் வாயில் இருக்கிறது? ‘பார்த்திருத்தல்’ வழி பார்த்திருப்பது மாதிரி. என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும்.

*

பதிந்தாயிற்று மாஸ்ரர். மூன்று பேர் சரி என்றதால் ‘பார்த்திருத்தல்’ என்றே அனுப்பிவிட்டேன். அம்மாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. “சும்மா விடுறதெண்டு எழுதன் பிள்ளை” என்கிறா.

*

‘சும்மா’வின் வேர் பற்றி நாளை எழுதுகிறேன்.