மூக்கடைப்புக்கு ரேடியோ அலைச் சிகிச்சை: கொழும்பில் யார் செய்யினம்?

மூக்கின் உள்ளே பக்கச் சுவரில் இருக்கும் கீழ்ச் சதையை (turbinate) ரேடியோ அலையால் சுருக்கும் சிகிச்சையை, முழு மயக்கம் கொடுக்காமல் விறைப்பூசியோடு கிளினிக் அறையிலேயே செய்யும் காது மூக்குத் தொண்டை வைத்தியர் யாரும் தெரிந்தால் சொல்லுங்கோ. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் சனல் பண்ணலாம் என்றால் நல்லது.

நோயாளிக்கு 35 வயது. ஸ்டீராய்டு ஸ்ப்ரே 3 மாதம் ஒழுங்காக அடித்தும் இரவில் வாயால்தான் மூச்சு. ஒக்ஸிமெட்டசோலின் (மூக்கடைப்பைத் திறக்கும் மருந்து) விட்டால் 10 நிமிடத்தில் மூக்கு திறக்குது. அதனால் பெரும்பாலும் சவ்வு வீக்கம்தான். (அந்த மருந்தைச் சில நாளுக்கு மேல் விடாதேங்கோ, அடைப்பு கூடும்.) கன்னத்தை விரலால் வெளிப்பக்கம் இழுத்துப் பார்த்தும் மாற்றமில்லை; அதனால் மூக்கின் முன்பக்க வழி ஒடுங்கினது காரணமில்லை போல.

ரேடியோ அலை பாயும் ஊசி முனையைச் சவ்வுக்கு அடியில் செலுத்தித்தான் சூடாக்க வேணும். முனை மேலே வந்தால் சவ்வு கருகி, வாரக்கணக்கில் பொருக்குக் கட்டும். சதையை அளவுக்கு மிஞ்சிக் குறைத்தாலோ, காற்றுப் போயும் அடைத்த மாதிரியே இருக்கலாம். அதனால் கைப்பழக்கம் உள்ளவரைத்தான் தேடுறம்.

செய்துகொண்டவை இதைச் சொல்லுங்கோ: ஒரு பக்கத்தில் எத்தனை இடத்தில் சூடு வைத்தவை? ஊசி முனை புதிதாக உறை பிரித்ததா? முதல் கிழமை வீக்கம் எப்படி? இரு பக்கத்துக்கும் சேர்த்து எவ்வளவு காசு முடிஞ்சது?