ஹெல்மட்டுக்குள் மிளகாய்த்தூள்: பைக் சாமான் கட்டிக்கொண்டு பறந்தவர்கள் சொல்லுங்கள்

கல்லடியிலிருந்து:

நானும் மச்சானும் கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்குப் பறந்து, அங்கே பேசிவைத்திருந்த வாடகை பைக்கில் கொல்லிமலை, வால்பாறை என்று ஒரு வாரம் ஓடிவிட்டு வந்தோம். மகியங்கனை 18 வளைவில் ஏறி இறங்கியே ஊரில் பெருமை பேசுகிற ஆட்கள் நாங்கள். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40 என்றால் சும்மா இருக்க முடியுமா? ஓடிய கதையைப் பிறகு எழுதுகிறேன். இது சாமான் கட்டிய கதை.

வாடகைக் கடையிலேயே ஹெல்மட் தருவார்கள், ஏன் காவுகிறாய் என்று கேட்டவர்கள் உண்டு. தருவார்கள்தான். எத்தனை பேருடைய வியர்வையைக் குடித்ததோ, நாடா பூட்டுமோ பூட்டாதோ, யாருக்குத் தெரியும்? உடம்பைக் காப்பதெல்லாம் என் சொந்தச் சாமானாக இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம்.

மாமாவின் கடையில் மீன் நிறுக்கும் தராசைக் கடன் வாங்கி ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டேன். ஜெக்கெட் 2.8 கிலோ, காற்சட்டை 1.7, சப்பாத்து 2.4, ஹெல்மட் 1.6, கையுறையும் முழங்கால் காப்பும் 1.1, மழைக்கோட்டு 0.9. மொத்தம் பத்தரைக் கிலோ. என் டிக்கெட்டில் பெட்டிக்கு 30, கையில் 7. ஆக நிறை ஒரு பிரச்சினையே இல்லை, இடம்தான் பிரச்சினை. தோளிலும் முழங்கையிலும் காப்புத் தகடு இருக்கிற ஜெக்கெட்டை மடிக்கவே முடியாது, பெட்டிக்குள் இன்னொரு ஆள் படுத்திருக்கிற மாதிரி இருக்கும். தகடுகளைக் கழற்றிப் பெட்டியின் அடியில் தட்டையாக வைத்துவிட்டு, வெறும் ஜெக்கெட்டைப் பாய் மாதிரிச் சுருட்டினேன். பாதி இடம் மிச்சம்.

அந்த மிச்சத்தைப் பார்த்ததும் புத்தி கெட்டது. கையில் தூக்கித் திரிய வேண்டாமே என்று ஹெல்மட்டையும் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். அதற்குள் காலுறை திணித்தேன், சரி. நான் குளிக்கப் போன நேரம் அம்மா வந்து, காலுறைக்கு நடுவே ஒரு கிலோ மிளகாய்த்தூளைச் செருகிவிட்டார். வறுத்து இடித்த நம்மூர்த் தூள், திருச்சியில் இருக்கிற பெரியம்மாவுக்காம். "பத்திரமா இருக்கிற இடம் அதுதானே மகன்" என்று பிறகு போனில் சொன்னார்.

திருச்சியில் பெட்டி வந்தபோது ஒரு மூலை உள்ளே அமுங்கியிருந்தது. எங்கே, யார் போட்டார்களோ. திறந்தால் தூள் பை வெடித்திருக்கிறது. கண்ணாடியை ஹெல்மட்டோடு பிடித்திருக்கும் இடப்பக்கக் கொளுக்கி உடைந்து, கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்குகிறது. உள்ளே இருந்த கறுப்புப் பஞ்சு செங்கல் நிறம். அன்றிரவு லொட்ஜ் குளியலறையில் ஷாம்பு போட்டு மூன்று தரம் கசக்கினேன், நாலாம் தரமும் தண்ணீர் சிவப்பாகத்தான் போனது. மச்சான் கட்டிலில் கிடந்து சிரித்தான். அவன் தன் ஹெல்மட்டைச் சாரத்தில் சுற்றி, கையில் வைத்துக்கொண்டு வந்தவன்.

காலையில் வெயில் ஏறி, தலை வியர்க்கத் தொடங்கியதும் தெரிந்தது. முப்பதாவது வளைவுக்குள் நெற்றி எரிந்து, கண்ணில் தண்ணீர். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று முகம் கழுவினேன். பக்கத்தில் நின்ற பஸ்காரர் "மலை ஏறப் பயமா தம்பி, ஏன் அழுகிறீர்கள்?" என்று அன்பாகக் கேட்டார். என்ன சொல்ல?

சிரிப்பை விடுங்கள். ஹெல்மட்டின் ஓட்டுக்குள் இருக்கிற வெள்ளை நுரைதான் அடியைத் தாங்குகிறது. அது ஒரு தரம் அமுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது, வெளியே கீறல்கூடத் தெரியாது. பெட்டிக்குள் என்ன நடந்தது என்று தெரியாமல் அதை நம்பி ஓடினேனே, அது எரிச்சலைவிடப் பெரிய மடத்தனம். ஊருக்கு வந்ததும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் புதிதாக வாங்கினேன். இனி அது மடியில்தான், இல்லையென்றால் தலைக்கு மேலே இருக்கிற தட்டில்.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து:

எனக்கு எதிர்த்திசை அனுபவம். சாச்சாவின் மகன் கனடாவிலிருந்து வந்து, அறுகம்பையில் இருந்து எல்லவுக்கு ஓடவேண்டும் என்றான். வந்தது ஒரு காற்றுப்பை பனியனோடு. விழுந்தால் சின்ன வாயுக் குப்பி வெடித்து, கழுத்தையும் நெஞ்சையும் சுற்றி ஊதிக்கொள்ளும் சாமான். அந்தக் குப்பிக்கு விமானக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி எடுக்கவேண்டும். எடுத்தால் பொருத்தியது இரண்டு, மேலதிகமாக இரண்டு வரை கொண்டுவரலாம். தம்பி கேட்கவே இல்லை. அங்கேயே கழற்றி எடுத்துவிட்டார்கள். இங்கே அந்தக் குப்பி தேடி நான் கல்முனையில் ஏறி இறங்காத கடை இல்லை. கடைசியில் சியம்பலாண்டுவ வெயிலில் அதை வெறும் பனியனாகப் போட்டுக்கொண்டு வெந்தான். உம்மா, "குளிர் நாட்டுப் பிள்ளைக்கு நம்மட வெயில் ஒத்துக்கல்ல" என்று இளநீர் வெட்டிக் கொடுத்தா.

கல்முனையிலிருந்து:

70 வளைவுக்கே இந்தப் பாடா? நான் கட்டாரில் வேலை செய்தபோது லீவில் தாய்லாந்து போய், சியாங்மாயிலிருந்து மே ஹொங் சொன் சுற்றினேன். 1,864 வளைவு என்று சான்றிதழே தருவார்கள். என்னுடையது மலிவு டிக்கெட், 20 கிலோதான். அதனால் சப்பாத்தையும் ஜெக்கெட்டையும் போட்டுக்கொண்டே ஏறினேன். வழி சரி, ஆனால் சப்பாத்துக்குள் இரும்பு இருந்தால் சோதனை வாசல் கத்தும், கழற்றச் சொல்வார்கள். ஓட்டை இல்லாத காலுறை போட்டுப் போங்கள். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

ஆரையம்பதியிலிருந்து:

கல்லடி அண்ணன், பஞ்சர் ஒட்டும் சாமானும் செயினுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் கொண்டுபோகலாமா? அடுத்த மாதம் ஊட்டிப் பக்கம் போக நினைக்கிறோம்.

கல்லடியிலிருந்து:

தம்பி, ஸ்பிரே வேண்டாம், தீப்பிடிக்கிற வகை, பெட்டியிலும் கையிலும் விடமாட்டார்கள். பஞ்சர் கம் குழாயும் அப்படியே. ரியூப் இல்லாத டயருக்குச் செருகும் ரப்பர் திரியும் ஊசியும் பெட்டிக்குள் போகலாம், கையில் வேண்டாம். ஸ்பானர், குறடு எல்லாம் பெட்டிக்குள். ஸ்பிரேயை அங்கே எந்தப் பட்டறையிலும் வாங்கலாம்.

பவர் பேங்க் மட்டும் பெட்டிக்குள் போடவே கூடாது, கையில்தான். 100 வாட்-மணி வரை கேள்வி இல்லை, அது ஏறக்குறைய 27,000 எம்ஏஎச். ஹெல்மட்டில் பேசுகிற புளூடூத் கருவியையும் கழற்றிக் கைப்பையில் போடு. கொழும்பு ஒட்டோமொபைல் சங்கத்தில் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது மோட்டார் சைக்கிள் வகுப்பும் அதில் இருக்கிறதா என்று பார். ஊட்டிக்கு இ-பாஸ் என்று இணையத்தில் எடுக்கும் அனுமதி ஒன்று 2024 மே மாதத்தில் கொண்டுவந்தார்கள், போக முன் அதையும் பார்த்துக்கொள்.

அப்புறம், பெட்டியைப் பூட்ட முன் ஹெல்மட்டுக்குள் ஒருக்கா கையை விட்டுப் பார். எங்கள் அம்மா அடுத்த பயணத்துக்குத் தூளைப் பால்மா ரின்னில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இப்போதே அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறார்.