நீட்சிக்கு ஆள் சேர்க்க, ஆளை வேவு பார்க்கத்தான் வேண்டுமா?

மூன்றாம் லயம்

தலவாக்கலையிலிருந்து எழுதுகிறேன். சிங்கள எழுத்தைத் தமிழ் எழுத்தாக மாற்றிக் காட்டும் ஓர் உலாவி நீட்சி (எக்ஸ்டென்ஷன், குரோம் போன்ற உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல்) செய்திருக்கிறேன். மொழிபெயர்ப்பு அல்ல. படிவத்தில் பிறந்த திகதி கேட்கும் இடத்தில் ‘உபன் தினய’ என்று தமிழ் எழுத்தில் தெரியும், அவ்வளவுதான். சிங்களம் சரளமாகப் பேசுவோம், வாசிக்கத்தான் வராது என்கிற நம்ம ஆட்களுக்காகச் செய்தது. வேலை முழுவதும் கணினிக்குள்ளேயே முடிந்துவிடும், எந்த சர்வருக்கும் எதுவும் போவதில்லை. குரோம் ஸ்டோரில் பதிவதற்கு ஒருமுறை 5 டொலர் கட்டினேன், வேறு செலவில்லை.

எட்டு மாதமாகியும் பயனர் எண்ணிக்கை இருநூறைத் தாண்டவில்லை. “அனலிட்டிக்ஸ் போடு, யார் எந்தப் பக்கத்தில் பாவிக்கிறார்கள் என்று பார், அப்புறம் வளர்க்கலாம்” என்கிறான் நண்பன். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் வளரவும் வேண்டும். என்ன செய்யலாம்?

பனிமூட்டம்

நண்பர் சொன்னதுதான் சரி. நான் கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் இதே வேலையில்தான் இருக்கிறேன். சொந்த ஊர் பொகவந்தலாவை, அதனால் அந்நியன் என்று நினைக்க வேண்டாம். தராசு இல்லாமல் கொழுந்து நிறுக்க முடியுமா? எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை பேர் மறுநாளே கழற்றினார்கள், எந்தத் தளத்தில் அதிகம் பயன்படுகிறது, இதெல்லாம் தெரியாமல் எதைத் திருத்துவீர்கள்? போடும்போதே மின்னஞ்சல் முகவரியும் கேளுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம்கூட தரவு திரட்டவே கூடாது என்று சொல்லவில்லை. சம்மதம் வாங்கிச் செய்தால் தப்பில்லை.

கொழுந்துக்கூடை

தராசுக் கதையை எங்களிடமே சொல்கிறீர்களா அண்ணே? தண்ணீருக்கு என்றும் சாக்குக்கு என்றும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்று எங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். தராசு யார் கையில் இருக்கிறது என்பதுதான் பேச்சு.

நீங்கள் கேட்ட எண்களில் பாதி ஏற்கனவே இருக்கிறது. வாரத்தில் எத்தனை பயனர், எத்தனை பேர் புதிதாகப் போட்டார்கள், எத்தனை பேர் நீக்கினார்கள், எந்த நாட்டிலிருந்து என்பதையெல்லாம் குரோம் ஸ்டோரே நீட்சி செய்தவருக்குக் காட்டுகிறது. அதற்காக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. மிச்சம் இருப்பது ‘எந்தத் தளத்தில்’ என்ற கேள்வி. அது ஒருவருடைய உலாவல் வரலாறு. அதைத் தொடுகிற நிமிடம் நீங்கள் வேறு ஆளாகிவிடுகிறீர்கள். ஸ்டைலிஷ் என்று தளங்களின் தோற்றத்தை மாற்றித் தரும் நீட்சி ஒன்று இருந்ததே, பயனர்கள் போகும் பக்கங்களையெல்லாம் சேகரித்தது வெளியே வந்து 2018 ஜூலையில் ஸ்டோர்களிலிருந்து தூக்கினார்கள். உலாவல் தரவை விற்றதற்காக அவாஸ்ட் 2024இல் அமெரிக்காவில் 165 இலட்சம் டொலர் கட்ட வேண்டி வந்தது. பாதுகாப்பு மென்பொருள் விற்கிற கம்பனி அது!

பனிமூட்டம்

அவாஸ்ட் எங்கே, தலவாக்கலைத் தம்பி எங்கே. எதற்கும் ஓர் அளவு வேண்டாமா? விற்கிறவனையும் தன் நீட்சியைத் திருத்தப் பார்க்கிறவனையும் ஒரே கூடையில் போடுகிறீர்கள்.

மூன்றாம் லயம்

விற்பது என்றதும் ஞாபகம் வந்தது. போன மாதம் யாரோ முன்பின் தெரியாதவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். நீட்சியை அப்படியே வாங்கிக்கொள்வதாகவும், பயனர் கூடக் கூட விலையும் கூடும் என்றும். பதில் போடவில்லை. இருநூறு பேர்கூட இல்லாத நீட்சியை ஏன் கேட்கிறார் என்றுதான் விளங்கவில்லை.

கொழுந்துக்கூடை

அவருக்கு உங்கள் எழுத்து மாற்றி வேண்டாம். நீங்கள் வாங்கி வைத்திருக்கிற அனுமதிதான் வேண்டும். உங்கள் நீட்சியை இப்போது போட்டுப் பார்த்தேன். எல்லா இணையத்தளங்களிலும் உள்ள தரவை வாசிக்கவும் மாற்றவும் முடியும் என்று குரோம் எச்சரிக்கிறது. ஏன் அத்தனை அனுமதி? நீட்சி தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் பொருள். கை மாறியதும் புது முதலாளி தன் நிரலை அனுப்புவார், அது எல்லார் கணினியிலும் சத்தமில்லாமல் உட்காரும். கிரேட் சஸ்பெண்டர் என்ற நீட்சி அப்படித்தான் போனது. 2020 நடுவில் கை மாறியது, 2021 பிப்ரவரியில் மால்வெயர், அதாவது கெடுதல் செய்யும் மென்பொருள் என்று கூகுள் நீக்கியது. அதற்குள் அதை நம்பிப் போட்டிருந்தவர்கள் இருபது இலட்சத்துக்கும் மேல்.

அனுமதியைக் குறைத்து வைத்தால் பிறகு யாராவது கூட்டப் பார்க்கும்போது, பயனர் மறுபடி சம்மதிக்கும்வரை குரோம் நீட்சியை நிறுத்தி வைக்கும். நீங்களே நாளைக்கு மனசு மாறினாலும் அது ஒரு பூட்டு.

போட்டோகொப்பி கடை

எழுத்தெல்லாம் பிழையாக இருந்தால் மன்னியுங்கள். ஹட்டன் பக்கம் ஒரு சின்ன கொமியுனிகேஷன் (போட்டோகொப்பி, இன்டர்நெட் கடை) வைத்திருக்கிறேன். இந்தத் தம்பியின் எக்ஸ்டென்ஷன் என் கடையில் ரெண்டு கொம்பியூட்டரிலும் இருக்கிறது. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேருக்கு ஃபோர்ம் நிரப்பிக் கொடுக்கிறேன். ஸ்டோர் கணக்கில் நாங்கள் ரெண்டே ரெண்டு பேர். செக்ரோலில் (தோட்டத்து வருகைப் பதிவில்) பேர் விழாத வேலை மாதிரி.

அதனால் எண்ணிக்கையைப் பார்த்து யோசிக்க வேண்டாம் தம்பி. ஆனால் ஒன்று. என் கொம்பியூட்டரில் டைப் ஆகிறது என்னுடைய விவரம் இல்லை. சுற்றியிருக்கிற நாலு தோட்டத்து ஆட்களின் அடையாள அட்டை நம்பரும் ஈ.பி.எஃப். (சேமலாப நிதி) நம்பரும்தான். அதில் ஒன்று வெளியே போனதாகக் கதை வந்தால் கூகுளை யாரும் தேடிப் போகமாட்டார்கள், என் கடை வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

நானுஓயா டீச்சர்

இதுதான் இந்த இழையிலேயே உருப்படியான பதிவு. அடையாள அட்டை எண் வெறும் எண் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். எண்ணைப் பார்த்தவுடன் வயதும் பாலும் சொல்லிவிடலாம். பனிமூட்டம் சேர், ‘பெயரில்லாத தரவுதானே’ என்று சொல்வதற்கு முன் இதை யோசியுங்கள்.

அதற்காக மற்றப் பக்கத்தையும் விடமாட்டேன். தம்பி, உங்கள் ஸ்டோர் பக்கம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. சிங்களம் வாசிக்க முடியாதவருக்கு ஆங்கிலத்தில் விளக்கமா? ஸ்டோரில் தமிழில் விவரம் எழுத இடம் இருக்கிறது. முதல் படத்திலேயே ஒரு படிவத்தை நீட்சிக்கு முன், நீட்சிக்குப் பின் என்று காட்டுங்கள். இன்னொன்று: தோட்டத்தில் கணினி யாரிடம் இருக்கிறது? எல்லார் கையிலும் போன்தான். ஆண்ட்ரொய்ட் குரோமில் நீட்சியே போட முடியாது. ஃபயர்பொக்ஸில் முடியும், 2023 டிசம்பரில் அதை எல்லா நீட்சிக்காரர்களுக்கும் திறந்துவிட்டார்கள். ஆளே இல்லாத சந்தையில் கடை போட்டுவிட்டு வியாபாரம் இல்லை என்கிறீர்கள்.

மூன்றாம் லயம்

டீச்சர், உண்மையாகவே அது தோன்றவில்லை. ஃபயர்பொக்ஸில் 2025 நவம்பர் முதல் புது நீட்சிகள் எந்தத் தரவைத் திரட்டுகின்றன என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், ‘எதுவுமில்லை’ என்றால் அதையும்தான். எனக்கு அது இலவச விளம்பரம்.

அனுமதி விஷயம். ஐகனைத் தட்டினால் மட்டும் அந்தப் பக்கத்தை வாசிக்கிற முறைக்கு மாறலாம், எச்சரிக்கையே வராது. ஆனால் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் ‘கவ்.எல்கே’ என்று முடியும் அரசாங்கத் தளங்களுக்கு மட்டும் அனுமதி கேட்கிறேன், தானாகவே மாறும். எது?

கொழுந்துக்கூடை

இரண்டாவது நல்லது மாதிரித் தெரிகிறது. ஆனால் யோசியுங்கள், அடையாள அட்டை எண்ணை டைப் செய்வதே அந்தத் தளங்களில்தானே! பலசரக்குக் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் பெட்டகத்தைத் திறந்து வைப்பது போல. தட்டுகிற முறைதான் என் வாக்கு.

பனிமூட்டம்

தட்டச் சொன்னால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். வேலை செய்யவில்லை என்று ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போவார்கள். இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

சரி, உலாவல் தரவு வேண்டாம், அந்த நம்பர் விஷயத்தில் டீச்சர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீக்குகிறவர் ஏன் நீக்கினார் என்று கேட்பதில் என்ன குற்றம்? நீக்கியதும் ஒரு பக்கம் திறக்கிற மாதிரி வைக்கலாம். ஒரே கேள்வி. விருப்பம் இருந்தால் பதில் சொல்லட்டும்.

மூன்றாம் லயம்

அது எனக்குச் சம்மதம். தமிழிலேயே கேட்கிறேன். எதுவும் வெளியே போவதில்லை என்று காட்ட, பக்கம் திறந்ததும் வைஃபையை நிறுத்திவிட்டுத் தட்டிப் பாருங்கள், மாறும் என்று விளக்கத்தில் எழுதலாம் என்றும் இருக்கிறேன்.

கொழுந்துக்கூடை

வைஃபை இல்லாமல் வேலை செய்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி. வைஃபை வந்த பிறகு அனுப்பாது என்பதற்கு இல்லை. நிரலை எல்லாரும் பார்க்கிற இடத்தில் போடுங்கள்.

போட்டோகொப்பி கடை

தட்டுகிற மாதிரியே வையுங்கள் தம்பி. கடையில் தட்டப் போவது நான்தானே, மறக்கமாட்டேன். பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் நானே போட்டுக் காட்டுகிறேன்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அடையாள அட்டை என்கிற சொல்லை உங்கள் எக்ஸ்டென்ஷன் ‘ஹந்துனும்பத’ என்று காட்டுகிறது. நாங்கள் ‘ஹெந்துனும்பத’ என்றுதானே சொல்வோம். நேற்று ஓர் அம்மா அது என்ன புதுப் பத்திரம், என்னிடம் இல்லையே என்று திரும்பிப் போகப் பார்த்தார்.

மூன்றாம் லயம்

அது ‘அ’வுக்கும் ‘எ’வுக்கும் நடுவில் இருக்கிற சத்தம் அண்ணே, தமிழில் எழுத்தில்லை. ‘எ’ என்றே மாற்றிவிடுகிறேன். இந்த மாதிரி இன்னும் என்னென்ன சொல் இடறுகிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருகிறேன்.

போட்டோகொப்பி கடை

ஞாயிறு பூட்டு. சனி வாருங்கள், பத்து மணிக்கு முன்.