ரிசல்ட் அன்று ஃபெயிலான பிள்ளைகளுக்கு நாம் என்ன செய்யலாம்?

வாசகர்வட்டம்:
பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். அன்று மாலை ஃபெயிலான பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் தைரியம் சொல்லலாம், பஸ் ஸ்டாண்டில் 'தோல்வியே வெற்றிக்கு முதல் படி' என்று ஒரு ஃபிளக்ஸ் வைக்கலாம் என்று பேச்சு. இது சரிப்படுமா? என்ன பேசலாம், எதைப் பேசக் கூடாது?

வேப்பமரத்தடி:
ஃபிளக்ஸ் காசை மிச்சப்படுத்துங்கள். பத்துப் பேர் ஒரு வீட்டுக்குப் போனால், அந்தப் பிள்ளை ஃபெயில் என்று தெருவுக்கே தண்டோரா போட்ட மாதிரிதான். நூலகத்தில் மூன்று நாள் ஒரு மேசை போடுங்கள். பேனரில் 'மேற்படிப்பு விண்ணப்ப உதவி' என்று மட்டும் இருக்கட்டும். பாஸானவர்களும் வருவார்கள், ஃபெயிலானவர்களும் வருவார்கள், யார் எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு லேப்டாப், ஒரு பிரின்டர், கதவு சாத்திக்கொள்ளும் அறை ஒன்றில் இரண்டு நாற்காலி போதும். பிள்ளையை ஏற்கெனவே தெரிந்தவர் இருந்தால் மட்டும் வீட்டுக்குப் போங்கள். இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். பெண் பிள்ளை என்றால் அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

முக்கால்வாசி வேலை ரிசல்ட்டுக்கு முந்தின வாரமே, பெற்றோரிடம்தான். மதிப்பெண் எஸ்எம்எஸ் பள்ளியில் கொடுத்த நம்பருக்குப் போகும். பெரும்பாலும் அது அப்பாவின் போன், ஆக முதல் வார்த்தை அவருடையது. அவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். அன்றைக்குத் திட்டு வேண்டாம். பிள்ளையை அன்றிரவு தனியாகப் படுக்க விட வேண்டாம். சொந்தக்காரர்களின் போனைப் பெரியவர்களே எடுத்து, "ஒரு பாடம் நின்னுபோச்சு, ஜூன்ல எழுதுறான்" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டு அத்தை என்று ஒவ்வொருவருக்கும் பிள்ளையே பதில் சொல்வது ஃபெயிலானதைவிடக் கொடுமை.

பேச்சு என்றால், முதல் கால் மணி நேரம் கேட்பது மட்டும். "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று ஆரம்பித்தால், என் வலி இவருக்குப் புரியவில்லை என்று பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். பள்ளியில் தோற்றுப் பெரிய ஆளான மேதைகளின் கதையும் வேண்டாம். அந்த நேரத்தில் அது இன்னொரு ஒப்பீடாகத்தான் காதில் விழும்.

சிவப்புமை:
ஆறுதலைவிடத் தேதி பெரிது. "எல்லாம் சரியாகிவிடும்" என்பதைப் பிடித்துக்கொண்டு யாரும் தூங்க முடியாது. "வியாழக்கிழமை பத்து மணிக்கு ஸ்கூலுக்குப் போறோம், நான் கூட வரேன்" என்பதைப் பிடித்துக்கொள்ளலாம். அதனால் உங்கள் மேசையில் இருப்பவருக்கு இவை தெரிந்திருக்க வேண்டும்:

நின்ற பாடத்தை மட்டும் எழுதினால் போதும், ஆறையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. துணைத்தேர்வு வழக்கமாக ஜூன் கடைசியில் தொடங்கும். பள்ளி மாணவர்கள் தங்கள் பள்ளி வழியாகவே விண்ணப்பிக்கலாம். அவகாசம் சில நாள்தான். அழுதுகொண்டு ஒரு வாரம் போனால் தேதி போய்விடும், இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அறிவிப்பு வந்த அன்றே தேர்வுத்துறை இணையதளத்தில் இருந்து பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

35-க்கு இரண்டு மூன்று மார்க் குறைந்தவர்கள் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கலாம். மறுமதிப்பீடு வேண்டுமென்றால் முதலில் நகல் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் அதன் முடிவை நம்பித் துணைத்தேர்வுக்குக் கட்டாமல் இருக்கக் கூடாது.

துணைத்தேர்வில் தேறினால் அதே வருடம் சேர வழி உண்டு. பொறியியலில் அவர்களுக்கென்று துணைக் கலந்தாய்வு நடக்கிறது. பத்தாம் வகுப்பு பாஸ் இருந்தால் பாலிடெக்னிக், ஐடிஐ இரண்டும் திறந்தேதான் இருக்கின்றன. ஆனால் அதை முதல் நாளே எடுத்து வைக்காதீர்கள். "இனி உனக்கு இதுதான்" என்று கேட்கும்.

வாசகர்வட்டம்:
மிக்க நன்றி. ஒன்று மட்டும் பயமாக இருக்கிறது. "சாகணும்னு தோணுதா" என்று நாமே கேட்டால், இல்லாத நினைப்பை ஏற்றிவிட்ட மாதிரி ஆகாதா?

உப்பங்காற்று:
ஆகாது. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை. உள்ளே ஏற்கெனவே இருந்தால் வெளியே வர வழி கிடைக்கும். "தப்பா ஏதும் பண்ணிக்க மாட்டியே?" என்று கேட்காதீர்கள். 'மாட்டேன்' என்ற பதிலை நீங்களே கையில் கொடுக்கிறீர்கள். "சில பேருக்கு இந்த மாதிரி நேரத்துல செத்துடலாம்னு தோணும், உனக்குத் தோணுதாப்பா?" என்று குரல் உயர்த்தாமல் கேளுங்கள்.

'ஆமாம்' என்றால் அதிர வேண்டாம், அறிவுரை வேண்டாம், சத்தியம் வாங்கவும் வேண்டாம். தனியாக விடாதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அங்கிருந்தே அரசின் மனநல உதவி எண் 14416-க்கு (நட்புடன் உங்களோடு) ஸ்பீக்கரில் போடுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அரசின் மருத்துவ உதவி எண் 104-ம் உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050. ஆபத்து கண்ணெதிரே என்றால் 108. போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடும் வீடுகள் உண்டு. 2017 மனநலச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்காமல் காக்கத்தான் சொல்கிறது.

விவசாய ஊர் என்றால் பூச்சிமருந்தை வீட்டில் வைக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். செத்துடலாம் என்ற அந்த வேகம் பல நேரம் சில நிமிடம், சில மணி நேரம்தான். கைக்கு எட்டாவிட்டால் அந்த நேரம் கடந்துவிடும். கடலூர் மாவட்டம் கட்டுமன்னார்கோயில் பகுதியில் சில கிராமங்களில் மருந்தைப் பொதுக் கிடங்கில் பூட்டுப்பெட்டிகளில் வைக்கும் முறையைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

வேப்பமரத்தடி:
விட்டுப்போன ஒன்று. முதல் நாள் எல்லோரும் வருவார்கள், நான்காம் நாள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். கூடப் படித்தவர்கள் காலேஜ் சேரும் வாரம் இன்னும் மோசம். அதனால் ஆளுக்கு மூன்று பிள்ளைக்கு மேல் எடுக்காதீர்கள். மூன்றாம் நாள், பத்தாம் நாள், ஹால் டிக்கெட் வரும் நாள் என்று கூப்பிட வேண்டிய தேதியை இப்போதே நாட்காட்டியில் குறியுங்கள். பெயர்ப்பட்டியலை வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள், ஒரு நோட்டில் இருக்கட்டும். போட்டோவும் கூடாது, உதவி செய்ததற்கு ஆதாரமாகக்கூட.